போர்டுல எல்லாம் பச்சை

இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன், நீங்க நல்லா உள்ள தள்ளி உக்காருங்க அக்கா. காங்கயத்துல ஏறுனா உக்கார எடம் எங்கிங்க கெடைக்குது? எனக்கும் கெடைச்சிருக்காது. வெள்ளகோவிலுக்கு வர்றப்பவே பஸ்ஸு நெறஞ்சுதான் வந்துச்சு. கண்டக்டர் அண்ணன் என்னையப் பாத்தாரோ இல்லையோ, இந்த ஜன்னலோரத்துல தூங்கிட்டு வந்த ஒரு ஆளை எழுப்பி, "பின்னால போப்பா, அம்மிணி உக்காரட்டும்"னு சொல்லிட்டார். அந்த ஆளு கரூர்லயிருந்து வர்றாராம், டிக்கெட்டை எடுத்துக் காட்டறார். கண்டக்டர் காதுலயே போட்டுக்கல. எனக்குக் கூச்சமாப் போச்சு. ஆனாலும் உக்காந்துட்டேன்.

விருது வாங்கப் போறவளுக்கு அந்த மரியாதைகூட இல்லாட்டி எப்படிங்க?

ஆமாங்க, விருதுதான். கோயமுத்தூர்ல பெரிய ஓட்டல்ல மேடை போட்டுக் குடுக்கறாங்க. எதுக்கா? ரகசியத்தைக் காப்பாத்துனதுக்கு. சிரிக்காதீங்க அக்கா, நெசமாத்தான். பக்கத்துல இத்தனை ஊரு லேப்பு இருக்குது, எல்லாத்துலயும் எங்க லேப்புதான் முதல். நூத்துக்கு நூறு.

நான் ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்புல இருக்கறேன். முன்னால மேசையில உக்காந்து பேர் எழுதறது, ரிப்போர்ட் எடுத்துக் குடுக்கறது எல்லாம் நான்தான். பன்னெண்டாவது வரைக்கும் எங்கூர்ப் பள்ளிக்கூடத்துலயே படிச்சேன், அதுக்குமேல கட்டிக் குடுத்துட்டாங்க. எங்க முதலாளி தங்கமுத்து அண்ணன் முன்னால கோழிப்பண்ணை வச்சிருந்தவர். "கோழிக்கும் மனுசனுக்கும் ஒரே வித்தியாசந்தான் மேகலா, கோழி ரிப்போர்ட் கேக்காது"ம்பார்.

அவருக்குத் திடீர்னு ஒரு சோதனை வந்துச்சு. ஒரு மாப்பிள்ளைப் பையனோட சர்க்கரை ரிப்போர்ட் எப்படியோ பொண்ணு வீட்டு வாட்ஸப்புக்குப் போயிருச்சு. நிச்சயம் நின்னு போச்சு. பையனோட சித்தப்பா வந்து எங்க நாற்காலியையே தலைக்குமேல தூக்கிட்டு நிக்கறார். யாரு அந்தப் பையன்னு மட்டும் கேக்காதீங்க. எங்க தொழில்ல பேர் சொல்லக்கூடாது. முத்தூர் ரோட்டுல மஞ்சக்கலர் மாடிவீடு, வாசல்ல ரெண்டு டிராக்டர் நிக்கும், அம்மா சத்துணவு டீச்சர். அவ்வளவுதான் சொல்லுவேன், அதுக்குமேல என் வாயில வராது.

அதுக்கப்புறந்தான் முதலாளி அந்த டேஷ்போர்டை வாங்கினார். கோயமுத்தூர் கம்பெனியிலயிருந்து டை கட்டின ஒரு பையன் வந்து மாட்டினான். டிவி மாதிரியே இருக்குமுங்க. லேப்புல யாரு எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் அதுக்குத் தெரிஞ்சுரும். ரெண்டு தரம் பாத்தா சிவப்பு, வேற போனுக்கு அனுப்பினா சிவப்பு. யாரும் தொடாம பத்திரமா இருந்தா பச்சை. மேல கொட்டை எழுத்துல மார்க்கு. பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் எனக்கு யாரும் மார்க்குப் போட்டதில்லையா, எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு.

"இதை உள்ள ரூம்ல மாட்டணும் சார்"னான் டை பையன். முதலாளி ஒத்துக்கல. "உள்ள வச்சா நாம பத்திரமா இருக்கறது யாருக்குத் தெரியும்?"னு ஹால்லயே மாட்டச் சொல்லிட்டார். ஆளுக உக்காந்து காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல, அவங்க கண்ணுக்கு நேரா. முன்னால டிவி இருந்த அதே ஆணி. திருநீறு பூசி, பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டோம்.

முதல் நாளே சிவப்பு. எழுத்து ஓடுது பாருங்க. "எச்சரிக்கை. தனிப்பட்ட தகவல். பழனாத்தாள், பெண், மலப் பரிசோதனை. இரண்டு பேர் பார்த்துள்ளனர்." பழனாத்தா அக்கா அங்கேயே முன்வரிசையில உக்காந்திருக்குது! ஹாலே திரும்பிப் பாக்குது. அக்கா சேலையைச் சொருகிக்கிட்டு, "எவன்டா அந்த ரெண்டு பேரு, வெளிய வாங்கடா"னு எந்திரிச்சிருச்சு. "ரெண்டே பேருதானுங்க அக்கா, மத்தபடி யாருக்கும் தெரியாதுங்க"னு நான் சமாதானம் சொல்றேன். ஹால்ல உக்காந்திருந்த அத்தனை பேரும் ஆமா ஆமான்னு தலையாட்டறாங்க.

அப்புறம் என்னாச்சுன்னா, நோவு நொடி இல்லாதவங்களும் வர ஆரம்பிச்சுட்டாங்க. முன்னால டிவியில சீரியல் போட்டப்பகூட இத்தனை கூட்டம் இல்லை. சும்மா வந்து உக்காந்துக்குவாங்க. சிவப்பு வந்தா ஒரு அண்ணன் சத்தமாப் படிப்பார், கண்ணு தெரியாதவங்களுக்காக. போர்டு கொஞ்ச நேரம் பச்சையாவே இருந்தா, "என்னம்மா, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"னு என்னையக் கேப்பாங்க.

மார்க்கு நாப்பதுக்கு வந்துருச்சு. முதலாளிக்குச் சோறு எறங்கல. ஏன்னா, அவரோட மச்சானும் உடுமலையில லேப்பு வச்சிருக்கறார், அவரும் இதே போர்டு மாட்டியிருக்கறார். அங்க தொண்ணூறுக்கு மேலயாம். "என் தங்கச்சியக் கட்டுனவன்கிட்ட நான் தலைகுனியறதா?"னு கேக்கறார். ஃபெயிலாப் போன பையன் மாதிரி மூலையில நிக்கறார்.

எனக்குப் பாவமாப் போச்சு. நான் யோசிச்சேன். சிவப்பு எப்ப வருது? ரிப்போர்ட்டைத் திறந்தாத்தானே வருது? திறக்காட்டி?

அவ்வளவுதானுங்க! மறுநாள்லயிருந்து ரிப்போர்ட்டைத் திறக்கறதையே விட்டுட்டோம். மார்க்கு ஏறுது பாருங்க, ஆடிப்பெருக்குக்கு ஆத்துல தண்ணி ஏறுற மாதிரி ஏறுது. ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் வந்து சண்டை. "என் சர்க்கரை எவ்வளவும்மா?"ங்கறார். "சொல்லக்கூடாதுங்க சார், அது ரகசியம்"ங்கறேன். "யாருக்கு ரகசியம்? என் ரத்தம்மா அது!" "ரத்தம் உங்களுதுதானுங்க. ரிப்போர்ட் போர்டோடது. உங்களுக்கே தெரியாட்டி வேற யாருக்குங்க தெரியப் போகுது? அதானுங்க பாதுகாப்பு"ன்னேன். மனுசன் அப்படியே உக்காந்துட்டார். படிச்சவருல்ல, எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவார்.

ஆனா எத்தனை நாளைக்குங்க சொல்லாம இருக்கறது? மருந்து சாப்பிடறவங்களுக்கு நம்பர் தெரியணும்ல. அதுக்கும் நான்தான் வழி கண்டுபுடிச்சேன். உள்ள மிஷின்ல ரத்தம் வைக்கறவ ரோஸ்லின். என் வயசுதான், நல்ல புள்ளை, நெஞ்சுல ஒண்ணும் வச்சுக்கத் தெரியாது. மிஷின் நம்பரைக் காட்டறப்பவே அவ பாத்துக்குவா. கம்ப்யூட்டருக்குள்ள போன பொறகுதானே அது ரிப்போர்ட்? அதுக்கு முன்னாலயே வாயில சொல்லிட்டா? வாய்க்குச் சிவப்பு ஏதுங்க!

அவ உள்ளயிருந்து ஜன்னல் வழியாச் சொல்லுவா. மிஷின் சத்தத்துல கொஞ்சம் கத்தித்தான் சொல்லணும். நான் வாங்கி ஹாலுக்குச் சொல்லுவேன். பேர் மட்டும் கண்டிப்பா சொல்ல மாட்டோம். அது சட்டம். அதுக்குப் பதிலா அடையாளம். "ரெட்டைத் தென்னை வீட்டுப் பெரிய மருமக, தைராய்டு கூடிருச்சு." "போஸ்டாபீசுக்குப் பின்னால, மொண்டி நாய் வளக்கறவர், கொழுப்பு." பேருன்னா ஊருக்குள்ள பத்துப் பழனிச்சாமி இருப்பாங்க, மாறிப் போயிரும். மொண்டி நாயி ஒண்ணுதான் இருக்குது. ஒரு தப்பு நடந்ததில்லைங்க இதுவரைக்கும்.

ஆளு வராட்டி, எதுத்தாப்பல டீக்கடையில சொல்லிவிட்டுருவோம். டீக்கடைக்காரர் பால் வண்டிக்காரர்கிட்டச் சொல்லிருவார். சாயந்திரத்துக்குள்ள வாசப்படியில போய்ச் சேந்துரும். தபால்ல போட்டாக்கூட இத்தனை வெரசாப் போகாது.

நூறு வந்துருச்சு அக்கா! கம்பெனியிலயிருந்தே போன் பண்ணிட்டாங்க. "மேடம், உங்க லேப்புல மட்டும் ஒரு தகவல்கூடக் கசியலையே, எப்படி?" "நாங்க யாரும் யார்கூடயும் பேசிக்கறதில்லைங்க"ன்னேன். பொய் இல்லைங்க. பேர் சொல்லிப் பேசறதில்லைங்கறதைச் சுருக்கிச் சொன்னேன்.

விருது வாங்கி எனக்கு என்ன ஆகப் போகுதுன்னு நினைப்பீங்க. இருக்குதுங்க. வெறும் வயித்துல ரத்தம் குடுக்கறவங்க வெடியறதுக்கு முன்னால வந்துருவாங்களா, நானும் இருட்டோட கெளம்பிருவேன். எம்பொண்ணு தர்ஷிகா யூகேஜி போறா. அவளுக்கு எங்கத்தைதான் சடை போடறாங்க. எங்கத்தை சடை போட்டா அது சடை இல்லைங்க, மாட்டுக்குக் கயிறு முறுக்கற மாதிரி. புள்ளைக்குப் புருவம் ரெண்டும் நெத்திக்குப் போயிரும். நாளெல்லாம் எதையோ பாத்து ஆச்சரியப்பட்ட மாதிரியே உக்காந்திருக்கறான்னு மிஸ்ஸு சொல்றாங்க. "கேடயத்தை மட்டும் கொண்டாந்துரு மேகலா, உன்னையப் பகல் டூட்டிக்கு மாத்திடறேன்"னு முதலாளி எங்கத்தை முன்னாலயே வாக்குக் குடுத்துட்டார். இனிமே எம்பொண்ணுக்கு நான் சடை போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். அதுக்குத்தானுங்க இந்தப் பாடு.

இதுல ஒரு சிக்கல் இருக்குது. சாயந்திரம் மேடையில அந்தப் போர்டைப் பெருசாப் போட்டுக் காட்டுவாங்களாம். அந்த நேரம் வரைக்கும் நூறு இருக்கணும். ஒரே ஒரு சிவப்பு வந்தாலும் கேடயம் உடுமலைக்குப் போயிரும்.

கொஞ்சம் கிட்ட வாங்க அக்கா. இதை நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. நீங்க முன்னப்பின்ன தெரியாதவங்க, அதனால சொல்றேன்.

எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குது.

மூணு வருசமா இன்னொண்ணுக்குக் காத்துக்கிட்டிருக்கறோம். ரெண்டு தரம் இதே மாதிரி தள்ளிப் போச்சு. ரெண்டு தரமும் நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம சொல்லிட்டேன். எங்கத்தை கேசரி கிண்டித் தெருவுக்கே குடுத்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் எண்ணெய் மில்லுல வேலை, மில்லுல அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டார். அப்புறம் பாத்தா ஒண்ணும் இல்லை. தெருவுல நடக்கறப்ப ஒவ்வொருத்தரும் என் வயித்தைப் பாத்துட்டு முகத்தைப் பாப்பாங்க பாருங்க, அதை மட்டும் தாங்க முடியலைங்க. எங்க வீட்டுக்காரர் கொல்லையில போய் நின்னுக்குவார். அதான் இந்தத் தரம், உறுதியாத் தெரியற வரைக்கும் ஈ எறும்புக்குக்கூடத் தெரியக்கூடாதுன்னு வைராக்கியம்.

மெடிக்கல்ல கார்டு வாங்கிப் பாக்கலாம். ஆனா அந்த மெடிக்கல்காரருக்கு வாய் நிக்காதுங்க. அப்படிப்பட்டவங்களை எனக்குப் புடிக்கவே புடிக்காது. அதனால நேத்துக் காலையில எங்க லேப்புலயே ரத்தம் குடுத்துட்டேன். ரோஸ்லின்தான் ஊசி குத்தினா. குத்துனது என் கையிலதான், ஆனா யாரோட ரத்தம்னு நான் அவகிட்டச் சொல்லவே இல்லை. குழாய் மேல "வெளியூர்ப் பொண்ணு"ன்னு எழுதி ஒட்டிட்டேன். "ரோஸி, இந்த வெளியூர்ப் பொண்ணோடதை மட்டும் எங்கிட்டச் சொல்லாத. நான் ஹால்ல வாய் தவறிச் சொல்லிட்டாலும் சொல்லிருவேன்"னேன். அவளும், "சரி மேகலா, உங்கிட்டச் சொல்லவே மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா அக்கா, நேத்து முழுக்க என் முகத்தையே பாக்கல.

இப்ப அந்த ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல கெடக்குது. என் போன்லயே திறந்து பாக்கலாம். இதோ இங்க அமுக்கினாப் போதும். ஆனா லேப்புக்கு வெளிய போன்ல திறந்தா, ஒரே தரம்னாலும் சிவப்பு. எம்பொண்ணோட சடை போயிரும். கேடயம் வாங்கிட்டு, மேடையை விட்டு எறங்கினதும் மொத வேலையாத் திறந்துருவேன்.

இதோ பாருங்க, போர்டு போன்லயும் வரும். நூறு. "வெளியூர்ப் பொண்ணு. பார்த்தவர்கள்: யாருமில்லை." பச்சை. இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. ஏன், எனக்கே தெரியாது!

மாங்காய் சாப்பிடறீங்களா? உப்பு மொளகாப்பொடி போட்டது. காலையில பூக்கார அக்கா குடுத்துச்சு. ஒரு முழம் கேட்டா ரெண்டு முழம் பூ, கூடவே ஒரு மாங்காயும் நறுக்கிப் போட்டுக் குடுக்குது. விருதுன்னா சும்மாவா? டீக்கடைக்காரர் ஓடி வந்து நெல்லிக்காய்ப் பொட்டலம் குடுத்தார். எங்கத்தை இன்னைக்குத் தண்ணிக்குடத்தைத் தொட விடல, "நீ விருது வாங்கப் போறவ, போ"ங்கறாங்க. எங்க வீட்டுக்காரர் காலையில வீடு கூட்டித் தொடைச்சார் அக்கா! கல்யாணமாகி இத்தனை வருசத்துல தொடைப்பத்தை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு அவருக்குத் தெரியாது. பஸ் ஏறுனதுலயிருந்து நாலு போன். "எடம் கெடைச்சுதா? மெதுவா எறங்கு. வெயில்ல நிக்காத." ஒரு கேடயத்துக்கு மனுசன் இப்படி மாறுவாருன்னு தெரிஞ்சிருந்தா நான் அப்பவே ஒண்ணு வாங்கியிருப்பேன்.

அட, வேகத்தடை வந்தாப் பாருங்க, டிரைவர் எப்படி ஏத்தி எறக்கறார்னு. முட்டைக் கூடை ஏத்துன மாதிரி. இந்தப் பஸ் எப்பவும் பறக்குமுங்க.

இருங்க, கண்டக்டர் அண்ணன் என்னமோ கொண்டாறார். எனக்கா அண்ணா? என்னங்க இது?

"எம் சம்சாரம் குடுக்கச் சொல்லுச்சு அம்மிணி. நாரத்தங்காய் ஊறுகாய், வீட்டுல போட்டது. வாய்க்கு நல்லாருக்கும்."

உங்க சம்சாரத்துக்கு எதுக்குங்க அண்ணா செரமம்... சரிங்க, சரிங்க, குடுங்க.

பாத்தீங்களா அக்கா. கண்டக்டர் சம்சாரம் வரைக்கும் தெரிஞ்சிருக்குது விருது விசயம். பையில எடமே இல்லை. மாங்காய், நெல்லிக்காய், இதென்ன... புளிமிட்டாய். இது எங்கத்தை வச்சது. இப்ப நாரத்தங்காய்.

ஏனுங்க அக்கா.

விருதுக்குப் போறவங்களுக்கு இனிப்புதானேங்க குடுப்பாங்க?

ஏன் சிரிக்கறீங்க? உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? பூக்கார அக்கா மாங்காய் குடுத்துச்சுன்னு சொன்னேனே, அப்பவேவா? சொல்லக்கூடாதுங்களா என்கிட்ட!

அண்ணா, கண்டக்டர் அண்ணா, ஒரு நிமிசம் வாங்க. நெசத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு யாருங்க சொன்னா?

"அய்யய்யோ, பேரெல்லாம் யாரும் சொல்லல அம்மிணி. சத்தியமா. யாரோ வெளியூர்ப் பொண்ணுக்கு விசேசமாம், எதுத்த லேப்புலயே வேலை செய்யுதாம்னுதான் நேத்து உங்கூர் டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நாங்களாப் புரிஞ்சுக்கிட்டோம்."

ரோஸி! எங்கிட்டச் சொல்லாதேன்னா ஊருக்குச் சொல்லுன்னு அர்த்தமாடி? ஆமா, அவ மேல என்ன தப்பு இருக்குது? ஆளு வராட்டி டீக்கடையில சொல்லிவிடணும்னு சட்டம் போட்டதே நான்தானே.

அப்ப... இருக்குதுங்களா அக்கா? மிஷின்ல பாத்துத்தானே அவ சொல்லியிருப்பா? அவ நம்பர் தப்பாப் படிச்சதே இல்லைங்க. அப்ப நெசமா இருக்குது. இருங்க, எனக்குக் கண்ணு மறைக்குது. மூக்கைச் சிந்திக்கறேன்.

போர்டைப் பாப்போம் இருங்க. நூறு! இன்னமும் நூறு அக்கா! "பார்த்தவர்கள்: யாருமில்லை." ஒருத்தரும் பாக்கல, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. பச்சை மாறல. இந்த மாதிரி ஒரு பாதுகாப்பு எந்த ஊர்லயாவது உண்டுங்களா? இதுக்கு ஒரு கேடயம் பத்தாதுங்க. இனிமே நான் அந்த ரிப்போர்ட்டைத் திறக்கவே வேண்டியதில்லை.

போன் அடிக்குது. எங்க வீட்டுக்காரர்தான், அஞ்சாவது தரம். பாவம், நான் சொல்லட்டும்னு காலையிலயிருந்து காத்துக்கிட்டு இருக்குது அந்த மனுசன். வாயில சொன்னா இந்தத் தரமும் ஏதாவது ஆயிருமோன்னு எனக்குப் பயமா இருக்குது. சொல்லாமயும் இருக்க முடியாது. அந்த மாங்காயில ஒரு துண்டு எடுத்துக் குடுங்க அக்கா.

ஹலோ... ஆமாங்க மாமா, பல்லடம் தாண்டிருச்சு. எடம் கெடைச்சுது, ஜன்னலோரம். ம்... மெதுவாத்தான் எறங்குவேன். இப்பவா? ஒண்ணும் பண்ணலைங்க.

மாங்காய் தின்னுட்டு இருக்கறேன்.

மாமா? கேக்குதுங்களா? மாமா...

அக்கா, இந்தாங்க, நீங்களே காதுல வச்சுக் கேளுங்க. மில்லுச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. அழுகறாரா, டீ சொல்றாரா?